ஜன்னலைத் திறப்பதா, மூடுவதா? உள்ளரங்கக் காற்று மாநாட்டுக்கு ஓர் அமர்வு

மே 28, 2025. கேள்வி

"அக்கா, அடுத்த வருட உள்ளரங்கக் காற்று மாநாட்டுக்கு அமர்வு முன்மொழியச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது, நம் வீடுகளின் சாம்பிராணிப் புகை, கொசுவத்திப் புகை பற்றி ஒன்று அனுப்பப் போகிறேன் என்று சொன்னீர்கள். எனக்கு ஒப்பவில்லை. நான் டர்பனின் தெற்கே மேர்பேங்கில் வளர்ந்தவன், இப்போது வடக்கே ஃபீனிக்சில் இருக்கிறேன். மேர்பேங்கில் வெளியே ஆலைப் புகை, லாரிப் புகை. அதை விட்டுவிட்டு ஆயா காட்டும் சாம்பிராணியை அளந்து என்ன கிடைக்கும்? பழியை நம் வீட்டு வாசலில் கொண்டுவந்து போடத்தான் அது உதவும். வெளிக்காற்றைப் பேசுங்கள்."

மே 28, இரவு

ஒத்துக்கொள்ள மாட்டேன், தம்பி. மனிதர் நாளில் பெரும் பகுதியைக் கூரைக்குக் கீழேதான் கழிக்கிறார். வெளிக்காற்று என்று நீங்கள் சொல்வதையும் பெரும்பாலும் வீட்டுக்குள் இருந்துகொண்டுதான் சுவாசிக்கிறோம். சமையல் புகையால் வீட்டுக்குள் கெடும் காற்றினால் மட்டும் 2020இல் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. கொசுவத்திச் சுருளை எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் வந்த ஓர் ஆய்வின்படி, ஒரு சுருள் முழுதாக எரிந்து முடிந்தால் அது விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் விடும் அளவு. அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்குகிறோம்.

நான் காற்றுமானிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவள். கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. விறகடுப்பு வீட்டில் பிறந்தவள். அம்மா ஊதுகுழலை ஊதி ஊதி இருமியதைக் கேட்டு வளர்ந்தவள். வீட்டுப் புகையைப் பற்றிப் பேசினால் பழி வரும் என்று பயந்து பேசாமல் இருந்ததால்தான் இத்தனை காலம் போயிற்று.

மே 31

நேற்று வெள்ளிக்கிழமை. சாமியறை வாசலில் மானியை வைத்தேன். சாம்பிராணி போட்டதும் நுண்துகள் எண் சரசரவென்று ஏறி 600 மைக்ரோகிராமைத் தாண்டியது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் திருத்திய வரம்பு, 24 மணி நேரச் சராசரிக்கு ஒரு கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராம். சாம்பிராணி அணைந்து ஒரு மணி நேரம் கழித்தும் எண் இறங்கவில்லை. முன்மொழிவின் முதல் வரியே கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

ஜூன் 2

மே 31இல் எழுதிய எண்ணைத் திரும்பப் பெறுகிறேன்.

இன்று மறுபடி வைத்துப் பார்த்தேன், சாம்பிராணி இல்லாமல். அடுப்பில் இட்லிச் சட்டி மட்டும். மூடியைத் திறந்ததுதான் தாமதம், எண் ஏறியது. இந்த மலிவு மானிகள் ஒரு லேசர் கதிரைக் காற்றில் விட்டு, அது எவ்வளவு சிதறுகிறது என்று பார்த்துத் துகளைக் கணக்கிடுகின்றன. நீராவித் துளியும் ஒளியைச் சிதறடிக்கும், புகைத்துகளும் சிதறடிக்கும். மானிக்கு இரண்டும் ஒன்றுதான். டர்பன் போல ஈரம் மிகுந்த ஊரில், துகளே தண்ணீரை உறிஞ்சி உப்பிக்கொண்டு, இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி அணைந்த பிறகு நான் பார்த்ததில் பாதிக்கு மேல் சமையலறை ஆவியாக இருக்கலாம்.

இதைச் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. இருந்தும் மனதுக்கு வேண்டிய எண் வந்ததும் கை மறுபடி அளக்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் எத்தனையோ குடும்பங்கள் இதே வகை மானியைச் சுவரில் மாட்டி, அதன் எண்ணைப் பார்த்துப் பயப்படுகின்றன, அல்லது நிம்மதி அடைகின்றன. மாநாட்டில் இதைச் சொல்ல ஒரு இடம் வேண்டும்.

ஜூன் 7

ஆயாவின் ஜன்னல் பற்றி எழுத வேண்டும்.

ஆயா என் வீட்டுக்காரரின் பாட்டி. வயது 84. கேட்டோ மேனரில் மரமும் தகரமும் வைத்துக் கட்டிய வீட்டில் வளர்ந்து, இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டம் அங்கிருந்தவர்களைக் கலைத்தபோது 1960களில் மேர்பேங்க் வந்தவர். இந்த வீடு மாநகராட்சி கட்டிய செங்கல் வீடு. அவர் அறையில் ஒரே ஜன்னல். அதன் உள்பக்கம் காப்புக்கம்பி. மாலை ஆறு அடித்தால் அதைச் சாத்திக் கொக்கி மாட்டிவிடுவார். பத்து வருடமாகப் பார்க்கிறேன், ஒரு நாள் தவறியதில்லை.

ஏன் ஆயா என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். நாற்றம் வரும். கொசு வரும். திருடன் கை விடுவான். குளிர் வரும். லாரி போனால் கறுப்புத் தூசி படியும். ஐந்து விரலும் மடங்கின. அப்புறம் அவராகவே சொன்னார்: "அந்தத் தகர வீட்டிலே ஜன்னலே வேண்டியதில்லை. காத்து கேக்காமலே வரும்."

அந்த இரவு அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் கார்பன் டைஆக்சைடு மானியை வைத்தேன். அறையில் அவரும் என் மகளும். விடியற்காலை ஐந்து மணிக்கு 2,300, அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 2,300 பங்கு. வெளியே இப்போது 420க்குக் கொஞ்சம் மேலே. அறைக் காற்றுக்கு 1,000ஐ எல்லையாக வைக்கலாம் என்று மியூனிக்கில் பெட்டன்கோஃபர் சொன்னது 1858இல். நூற்றறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் அதே எண்ணைத்தான் பல இடங்களில் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

2,300 என்றால் என்ன? நாம் விடும் மூச்சில் கார்பன் டைஆக்சைடு கிட்டத்தட்ட 38,000 அளவுக்கு இருக்கும். அறையில் கூடுதலாகச் சேர்ந்திருப்பது கிட்டத்தட்ட 1,900. வகுத்துப் பாருங்கள். அந்த அறையில் இழுக்கும் இருபது மூச்சில் ஒன்று, ஏற்கெனவே ஒரு நுரையீரலுக்குள் போய்த் திரும்பிய காற்று.

சாம்பிராணியை அளக்கப் போனவள், ஜன்னல் கொக்கி முன்னால் நின்றுகொண்டிருக்கிறேன்.

ஜூன் 8

ஒரு திருத்தம். அந்த மானியும் முழு உண்மையைச் சொல்லவில்லை. பல கார்பன் டைஆக்சைடு மானிகள் தம்மைத் தாமே சரிசெய்துகொள்ளும். வாரத்தில் பார்த்த மிகக் குறைந்த அளவை "இதுதான் வெளிக்காற்று" என்று எடுத்துக்கொள்ளும். நாள் முழுக்கக் கதவு திறந்து மூடும் அலுவலகத்தில் அது சரி. ஒருபோதும் முழுதாகக் காற்று மாறாத அறையில் அந்த அடிமட்டமே உயர்ந்திருக்கும். மானி அதையும் 400 என்று நம்பும். விளைவு, எல்லா எண்ணும் குறைவாகக் காட்டும். நேற்று மானியை முற்றத்தில் வைத்து, தானாகச் சரிசெய்வதை நிறுத்தி, திரும்ப உள்ளே வைத்தேன். இன்று விடியலில் 2,500. காற்றோட்டம் எவ்வளவு மோசமோ, மானி அவ்வளவு ஆறுதல் சொல்கிறது.

ஜூன் 12

டிபி பற்றி எழுதாமல் இந்த விஷயம் நகராது.

என் வீட்டுக்காரரின் சித்தி மகனுக்கு 2016இல் காசநோய். வீட்டுக்குப் பின்னால் வாடகைக்கு விடும் அவுட்பில்டிங்கில் மூன்று பேர் ஒரே அறை, ஒரே ஜன்னல். மருந்து கொடுத்தார்கள், ஆறு மாதத்தில் தேறினான். மருந்துக்கடை இருக்கும் இடம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று எல்லாம் சொன்னார்கள். அந்த அறையின் காற்று எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த வருடம் அதே அறையில் இன்னொருவன் இருமினான்.

எங்கள் குவாசூலு நட்டால் மாகாணத்தில்தான் டுகேலா ஃபெர்ரி இருக்கிறது. 2006இல் உலகமே அந்த ஊர்ப் பெயரைக் கேட்டது. ஏறக்குறைய எந்த மருந்துக்கும் அடங்காத காசநோய் கண்ட 53 பேரில் 52 பேர் இறந்தார்கள். இந்த நாட்டில்தான் எமலாஹ்லேனியில், பழைய பெயர் விட்பேங்க், ஒரு விசித்திரமான ஆய்வுக்கூடமும் இருக்கிறது. காசநோயாளிகள் தங்கும் அறைகளின் காற்றை மேலே கொண்டுபோய், அங்கே கூண்டுகளில் இருக்கும் கினிப்பன்றிகளைச் சுவாசிக்க வைக்கிறார்கள். எந்தக் காற்று நோயைக் கொண்டுபோகிறது என்று அவை சொல்லிவிடும். அறையின் மேற்பகுதியில் புறஊதா விளக்கு போட்டுக் காற்றை நன்றாகக் கலக்கினால் தொற்று சுமார் 80 சதவீதம் குறைகிறது என்று 2015இல் அங்கிருந்துதான் முடிவு வந்தது.

அதைவிட எனக்குப் பிடித்தது பெரு நாட்டு லிமாவில் செய்த வேலை. 2007இல் வெளிவந்தது. மருத்துவமனை அறைகளில் ஜன்னலும் கதவும் முழுக்கத் திறந்திருந்தால் காற்று மணிக்கு 28 முறை மாறியது. இயந்திரக் காற்றோட்டத்துக்குப் பரிந்துரைத்த அளவே 12 முறைதான். அதிலும் 1950க்கு முன் கட்டிய, உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள பழைய கட்டடங்கள் புதியவற்றைத் தோற்கடித்தன. என் தாத்தா வீட்டுக் கூடத்தை நினைத்துக்கொண்டேன். முற்றம், எதிரெதிர் ஜன்னல், ஓட்டுக்குக் கீழே இடைவெளி. அதை யாரும் பொறியியல் என்று சொன்னதில்லை.

ஆக, என் அமர்வின் தலைப்பு "ஜன்னலைத் திற" என்று வைக்கலாமா?

ஜூன் 13

ஃபீனிக்ஸ் தம்பி பதிலுக்கு ஒரே ஒரு வரி அனுப்பியிருக்கிறார்: "திறந்தால் உள்ளே வருவது எது, அக்கா?"

ஜூன் 19

ஆறு நாள் யோசித்தேன். தம்பி சொன்னது சரி. மே 28 இரவு நான் எழுதியதில் பாதி சரி, பாதி அவசரம்.

2000களின் தொடக்கத்தில் மேர்பேங்கின் செட்லர்ஸ் தொடக்கப்பள்ளியில் ஓர் ஆய்வு நடந்தது. அந்தப் பள்ளி இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவில் இருந்தது. ஆராயப்பட்ட பிள்ளைகளில் பாதிப் பேர் அளவுக்கு ஆஸ்துமா இருந்ததாக முடிவு வந்தது. அப்புறம் குவாசூலு நட்டால் பல்கலைக்கழகத்தார் தெற்கு டர்பன் தாய்மார்களையும் குழந்தைகளையும் கருவிலிருந்தே பின்தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். ஆலைகள் இப்போது முன்போல ஓடவில்லை. லாரிகள் ஓடுகின்றன, துறைமுகம் ஓடுகிறது. ஜூன், ஜூலைக் குளிரில் இரவு நிலத்தை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே வெப்பக் காற்று மூடிபோல உட்கார்ந்துகொள்ளும். அன்றைய புகை அன்றே போகாது. கரும்பு எரிக்கும் பருவமும் இதே மாதங்கள். வடக்கே இருப்பவர்கள் துணி காயப்போட்டால் கரித்தூள் விழும்.

அந்த இரவில் "காசநோய் வராமல் இருக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்று ஆயாவுக்கு நான் எப்படிச் சொல்வது? மருத்துவமனைச் சுவரில் திற என்று படம் ஒட்டியிருக்கிறார்கள். புகை எச்சரிக்கை வந்தால் மூடு என்கிறார்கள். இரண்டும் நல்லவர்கள் சொல்லும் நல்ல யோசனை. இரண்டும் ஒரே கொக்கிக்கு வந்து சேருகின்றன. முடிவெடுப்பவர் ஆறு மணிக்கு அந்தக் கொக்கியில் கை வைக்கும் 84 வயதுப் பெண்.

இதுதான் அமர்வு. தொற்றுநோயை ஆராய்பவர்கள் ஓர் அறையில் கூடி ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார்கள். காற்று மாசை ஆராய்பவர்கள் பக்கத்து அறையில் கூடி மூடச் சொல்கிறார்கள். இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒரே வீட்டுக்கு, ஒரே இரவுக்குப் பதில் சொல்ல வேண்டும். சாம்பிராணியும் கொசுவத்தியும் அந்த வீட்டுக்குள் வரட்டும். அவையே தலைப்பாக வேண்டாம். அந்த விஷயத்தில் தம்பியின் பயம் நியாயம். சாம்பிராணியைத் தலைப்பில் போட்டால், செய்தித்தாளில் அது மட்டும்தான் நிற்கும்.

ஜூன் 24

படிவம். அமர்வுக்குத் தொண்ணூறு நிமிடம். தலைப்பு, முந்நூறு சொல்லில் சுருக்கம், இரண்டு நெறியாளர், ஐந்து பேச்சாளர். ஆளுக்கு இருபது நிமிடம் கொடுத்தால் கேள்விக்கு நேரமே இல்லை. இத்தனை வருடமாகப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறேன். ஐந்தாவது ஆள் பேசி முடிக்கும்போது அடுத்த அமர்வுக்காரர்கள் கதவருகே நிற்பார்கள். ஆளுக்கு எட்டு நிமிடம் கொடுத்து மீதியை முழுக்க விவாதத்துக்கு விடப் போகிறேன்.

யார் யார்? காற்றில் பரவும் தொற்றை ஆராயும் ஒருவர். வெளிக்காற்றை அளக்கும் ஒருவர். வீடு வீடாகப் போகும் காசநோய்ச் செவிலியர் ஒருவர். நான்காவது, காப்புக்கம்பி பற்றவைப்பவர். இது பலருக்கு வியப்பாக இருக்கும். எங்கள் தெருவில் நான் எண்ணியபோது, பாதி வீடுகளில் ஜன்னல் திறக்காததற்குக் காரணம் கம்பி. கொக்கியின் கைப்பிடி இடிக்கும்படி நெருக்கமாகப் பற்றவைத்துவிடுகிறார்கள். நான்கு விரற்கடை தள்ளி வைத்தால் திருடனும் வரமாட்டான், ஜன்னலும் திறக்கும். எந்த வழிகாட்டி நூலிலும் இது இல்லை. ஐந்தாவது, ஆயா. பயணம் செய்ய மாட்டார், குரலைப் பதிவு செய்து கொண்டுபோக வேண்டும்.

படிவத்தில் ஆயாவின் "பணிபுரியும் நிறுவனம்" என்ற கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கம் போகவே விடவில்லை. "மேர்பேங்க், 1960கள் முதல் வசிப்பவர்" என்று போட்டேன். ஏற்றுக்கொண்டது.

ஜூன் 25

நேற்று எழுத விட்டுப்போனது. உள்ளரங்கக் காற்றுக்கான மூத்த மாநாட்டு வரிசை 1978இல் கோபன்ஹேகனில் தொடங்கியது. ஸ்டாக்ஹோம், டொரண்டோ, பெய்ஜிங், ஹாங்காங் என்று சுற்றி 2024இல் ஹொனலூலு வரை போயிற்று. ஆப்பிரிக்காவில் ஒருமுறைகூட நடக்கவில்லை. செவிலியருக்கு விசா, விமானச் சீட்டு, பதிவுக் கட்டணம் யார் கொடுப்பது என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது. 2000 ஜூலையில் எய்ட்ஸ் மாநாடு முதன்முறையாக ஆப்பிரிக்காவுக்கு, இதே டர்பனுக்கு வந்தது. தொடக்க விழாவில் பேசியது பதினோரு வயது நிகோசி ஜான்சன். பிறவியிலேயே நோய்க்கிருமியோடு வந்த பிள்ளை. அந்த மேடைக்குப் பிறகு இங்கே மருந்து பற்றிய பேச்சே வேறு திசைக்குப் போயிற்று என்று, அன்று இருந்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். நோயோடு வாழ்பவர் மேடையில் இருப்பதற்கும், அவரைப் பற்றிய வரைபடம் மேடையில் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. முன்மொழிவில் பயண உதவி கேட்டு ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். இல்லையென்றால் இணையவழியிலாவது அவர்கள் பேச வேண்டும்.

ஜூலை 5

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒருவர் கூரை பற்றிக் கேட்டிருக்கிறார். அங்கே பல வீடுகளில் இன்னும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான். சுருக்கமாகச் சொல்கிறேன். ஆஸ்பெஸ்டாஸ் தூசிக்கும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை உலகுக்குக் காட்டியதே இந்த நாடுதான். வடமேற்கு கேப் பகுதியில் கண்ட 33 நோயாளிகளை வைத்து 1960இல் வாக்னரும் அவர் கூட்டாளிகளும் எழுதினார்கள். சுரங்கத்துக்குள் இறங்காமல், பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்கும் அது வந்திருந்தது. 2008இல் இங்கே தடை வந்தது. ஏற்கெனவே போட்ட கூரை அப்படியே நிற்கிறது. உடையாமல் இருந்தால் தொடாதீர்கள். துளை போடாதீர்கள், கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், அழுத்த நீர் பாய்ச்சாதீர்கள். பெயின்ட் அடிக்க வருபவர் முதலில் தேய்க்கத்தான் கேட்பார். விடாதீர்கள்.

இதையும் என் அமர்வில் சேர்க்கலாமா என்று இரண்டு நாள் தடுமாறினேன். சேர்க்கவில்லை. கூரைக்குத் தனி அமர்வு வேண்டும், அதைச் சாட்ஸ்வொர்த்துக்காரர் ஒருவரே முன்மொழிய வேண்டும். படிவம் நிரப்ப நான் கூட உட்காருகிறேன்.

ஜூலை 28

நேற்று ஆடி ஞாயிறு, கோவிலில் கூழ். பின்பக்கத் தகரக் கொட்டகையில் மூன்று அண்டா, விறகடுப்பு. கிண்டுவது பெண்கள்தான், முறை மாற்றி மாற்றி. என் முறை வந்தபோது பத்து நிமிடத்தில் கண்ணில் நீர் கொட்டியது. எனக்கு முன்னால் நின்ற அக்கா முக்கால் மணி நேரம் கிண்டியிருந்தார், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. நான் மானியை எடுக்கவில்லை. கூழின் ஆவியில் அது என்ன சொல்லும் என்று தெரியும்.

இரண்டு தம்பிகளைக் கூப்பிட்டுக் கொட்டகையின் கடல் பக்கத்துத் தகரம் இரண்டையும் எதிர்ப்பக்கத்தில் ஒன்றையும் கழற்றச் சொன்னேன். கழற்றிய கொஞ்ச நேரத்தில் புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து வெளியேறத் தொடங்கியது. அந்த அக்கா முந்தானையை இறக்கிவிட்டுப் பாட ஆரம்பித்தார். ஒருவரும் அம்மனுக்குக் குறை வந்ததாகச் சொல்லவில்லை. மே மாதத்தில் நான் இதே பெண்களிடம் எண்ணைக் காட்டியிருந்தால், அடுத்த வருடம் என்னைக் கொட்டகைப் பக்கம் சேர்த்திருக்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் 9

முன்மொழிவு போய்விட்டது. தலைப்பு: "ஒரே ஜன்னல்: தொற்றும் வெளி மாசும் சந்திக்கும் வீடுகளில் காற்றோட்ட முடிவு". தேர்வாகுமா என்பது அவர்கள் கையில்.

ஆயாவின் அறையில் செய்ததையும் எழுதிவிடுகிறேன். பெரிய ஜன்னலை அவர் இன்னும் ஆறு மணிக்குச் சாத்துகிறார். அதன் மேலே சின்ன வென்டிலேட்டர் ஒன்று இருந்தது. பல வருடமாகப் பெயின்ட் அடித்து அடித்து ஒட்டிப் போயிருந்தது. கத்தியால் சுற்றி அறுத்துத் திறந்து, கொசுவலை அடித்தேன். கை நுழையாத அகலம், அதனால் திருடன் பயம் இல்லை. அறைக்கதவை ஒரு சாண் திறந்து வைத்தோம். கொசுவத்தி தேவைப்படவில்லை. இரண்டாம் இரவு விடியலில் கார்பன் டைஆக்சைடு 1,150. ஆயாவிடம் எண்ணைச் சொன்னேன். "குளிருது" என்றார். இன்னொரு போர்வை வாங்கினோம்.

ஆகஸ்ட் 23

தம்பிக்கு. இரண்டு வாரத்தில் அந்த வென்டிலேட்டர் வலை சாம்பல் நிறமாகிவிட்டது. இன்று கழற்றி ஒரு வெள்ளைப் பேசினில் சோப்பு போட்டு அலசினேன். தண்ணீர் கறுப்பாக வந்தது. ஆயா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொல்லலியா" என்றார். அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றவில்லை. ஜாம் புட்டி ஒன்றில் பிடித்து, தேதி எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். அமர்வு கிடைத்தால் 1,150 என்ற எண்ணுக்குப் பக்கத்தில், அதே மேஜையில் வைக்க.